மழை ஏட்டு மொய்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு மழையைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. தெரிந்ததெல்லாம் வரவும் செலவும்தான். பெரம்பலூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் பதினெட்டு வருடமாக அடுத்தவர் கணக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பாவத்துக்காகத்தான் ‘மழை ஏடு’ மன்றத்துக்கு என்னைப் பிடித்துப் பொருளாளராக உட்கார வைத்தார்கள்.

மழை ஏடு ஒரு இணையதளம். ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் செபஸ்டின் ஏழு வருடத்துக்கு முன்னால் தொடங்கியது. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து நூற்று நாற்பத்து மூன்று பேர் மொட்டை மாடியில் மழைமானி வைத்திருக்கிறார்கள். காலை எட்டரை மணிக்கு அதில் எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துத் தளத்தில் போட வேண்டும். மழை இல்லாத நாளில் பூஜ்யம் போட வேண்டும். எங்கள் பக்கத்தில் வருடத்தில் முக்கால்வாசி நாள் பூஜ்யம்தான், அதையும் விடாமல் போடுவார்கள். குன்னத்தில் கொட்டுகிற மழை அடுத்த ஊரில் தூறல்கூடப் போடாது என்பதால் ஒவ்வொரு வீட்டுக் கணக்கும் தனி. மக்காச்சோளம் காய்ந்துபோன வருடம் இந்தக் கணக்கை அச்சடித்து எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் படியேறினவர்கள் உண்டு.

தளத்துக்கு முதலாளி கிடையாது. விளம்பரம் கிடையாது. முறையாகப் பதிவு செய்த சங்கம். ஆளுக்கு வருடம் இருநூறு ரூபாய் சந்தா, அதிலிருந்து சர்வர் வாடகை. இந்த வருட வாடகை வரியோடு சேர்த்து இருபத்தேழாயிரத்து நூற்று நாற்பது. எல்லோரும் சந்தா கட்டினால் சரியாகப் போகும். எல்லோரும் கட்டுகிற சங்கம் இந்த உலகத்தில் எங்கேயாவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், அங்கே போய்ப் பொருளாளராக இருந்துகொள்கிறேன்.

எனக்கு என்ன வந்தது, விட்டுவிட்டுப் போகலாம்தானே என்று ஆபீசில் கேட்பார்கள். போகலாம்தான். ஆனால் அம்மா போன பிறகு காலையில் எழுந்தால் என் வீட்டில் என்னிடம் யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. எட்டரை மணிக்கு இந்த நூற்று நாற்பத்து மூன்று பேர்தான் பேசுகிறார்கள், அதுவும் பூஜ்யம், பூஜ்யம் என்று. அது நின்றுபோனால் எனக்குக் காலை என்று ஒன்று இருக்காது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வெளியில் எப்போதும் சிடுசிடுத்துக்கொண்டுதான் இருப்பேன்.

ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை. சர்வர்காரர்கள் கடைசி எச்சரிக்கை அனுப்பியிருந்தார்கள். பதினோரு நாளில், அதாவது அடுத்ததற்கு அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் பணம் வராவிட்டால் தளத்தை நிறுத்திவிடுவார்களாம். கையில் இருந்தது ஒன்பதாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. ‘சந்தாவைச் செலுத்துங்கள், தளம் நிற்கப்போகிறது’ என்று நான்காவது முறையாகத் தளத்தில் எழுதிவிட்டு நிமிர்ந்தேன், போன் அடித்தது.

“செல்வி, நான் இருசம்மா பேசறேன். பத்திரிகை பாத்தியா?”

இருசம்மாள் குன்னம் பக்கத்தில் மூன்று ஏக்கர் மானாவாரி வைத்திருக்கும் உறுப்பினர். ஐம்பது வயதிருக்கும், வீட்டுக்காரர் தவறிவிட்டார். ஐந்து வருடத்தில் ஒரு நாள்கூட அளவு போடத் தவறியதில்லை. புதுவீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையைத் தளத்தில் போட்டிருந்தார். நானும் கை கூப்பின படம் ஒன்றைப் பதிலுக்குப் போட்டிருந்தேன்.

“பாத்தேன்கா. ரொம்ப சந்தோஷம்.”

“சந்தோஷம் இருக்கட்டும். மன்றத்துலேருந்து எத்தினி பேரு வரீங்க, எவ்வளவு எழுதப் போறீங்கன்னு சொல்லிடு. மைக்குல பேரு சொல்லணும்ல.”

“எதை எழுதறது?”

“மொய்தான், வேற என்னத்த எழுதுவ?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மன்றத்துப் பணம் சந்தாப் பணம், அதை எடுத்து மொய் எழுத முடியாது, விதி பதினொன்றில் அப்படித்தான் இருக்கிறது, ஆடிட்டர் என்னைத் தொலைத்துவிடுவார் என்று பொறுமையாகத்தான் சொன்னேன். எனக்கு வருகிற பொறுமை எவ்வளவோ அவ்வளவு.

“அப்ப அஞ்சு வருஷமா நான் எழுதுனது?”

“அது சந்தாக்கா.”

“சந்தா எரநூறுன்னு எனக்குத் தெரியாதா? நான் ஐநூத்தி ஒண்ணுல்ல போட்டேன்.”

போனை வைத்துவிட்டார். நான் ஐந்து வருடத்து வங்கிக் கணக்கை எடுத்து விரித்தேன். இருசம்மாள் ஐநூற்று ஒன்று. அடுத்தவர் இருநூற்றைம்பத்தொன்று. அதற்கடுத்தவர் நூற்றொன்று. ஒரு மகாராசன் ஆயிரத்தொன்று. தொண்ணூறு பேருக்கு மேல் எல்லாத் தொகையும் ஒன்றில் முடிந்தது. அந்த ஒற்றை ரூபாயை ஐந்து வருடமாக நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மங்களகரமாக இருக்கட்டும் என்று போடுகிறார்கள், என்ன நல்ல மனசு என்று நினைத்து, சந்தாவுக்கு மேல் வந்ததையெல்லாம் நன்கொடை என்று எழுதிவைத்தேன். பதினெட்டு வருடம் கணக்கு எழுதினவள்.

செபஸ்டினைக் கூப்பிட்டேன். பணம் வருகிற செயலி அவன் போனில்தான் இருக்கிறது, அனுப்புகிறவர்கள் எழுதும் குறிப்பெல்லாம் அவனுக்குத்தான் தெரியும்.

“செபஸ்டின், பணம் போடறவங்க கீழ குறிப்புல என்ன எழுதறாங்க?”

“‘நம்ம வூட்டு மொய்’னு எழுதுவாங்கக்கா. ‘நோட்டுல ஏத்திக்கவும்’னு எழுதுவாங்க. ஒருத்தர் மவளுக்கு வெச்ச பேரு கூடப் போட்டிருந்தாரு.”

“இத ஏன்டா எங்கிட்ட சொல்லல?”

“உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்கா. எல்லாரும் அப்படித்தானே போடறாங்க.”

தலையில் அடித்துக்கொண்டேன், நிஜமாகவே. இருநூறு ரூபாய் சந்தாவுக்கு யாரும் பதில் எதிர்பார்க்க மாட்டார்கள். மொய் அப்படியா? இன்று ஒருவர் வீட்டுக்கு எழுதினால் நாளை அவர் நம் வீட்டு விசேஷத்துக்கு வந்து, கொஞ்சம் கூட்டியே எழுத வேண்டும். அந்த முறைப்படி பார்த்தால் மழை ஏடு தொண்ணூறு வீட்டுக்குப் பாக்கி வைத்திருக்கிறது. ஐந்து வருடத்தில் எத்தனை காதுகுத்து, எத்தனை வளைகாப்பு நடந்திருக்கும்! பத்திரிகைகள் தளத்தில் வந்துகொண்டேதான் இருந்தன. எல்லாவற்றுக்கும் கை கூப்பின படம் போட்டவள் நான்.

மொய் என்றாலே எனக்கு ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் அம்மா இருபத்தாறு வருடம் ஊரெல்லாம் மொய் எழுதினாள். எல்லாம் என் கல்யாணத்துக்குத் திரும்பி வரும் என்று ஒரு நீள நோட்டில் இடப்பக்கம் எழுதி எழுதி வைத்தாள். வலப்பக்கம் வருகிறதை எழுதுவதற்கு. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நாற்பத்திரண்டு வயதாகிறது, இனி அந்தப் பேச்சும் இல்லை. அந்த நோட்டு பீரோவில் கிடக்கிறது.

மறுநாள் காலை இருசம்மாள் தன் அளவுக்குக் கீழே ஒரே வரி எழுதினார். ‘0 மி.மீ. மன்றம் மொய் திருப்பாதாம்.’

அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒரு பைசா வரவில்லை. வந்ததெல்லாம் கேள்விதான். ‘என் பையன் கல்யாணத்துக்கு யாரும் வரலியே, அப்பவே நெனச்சேன்’ என்று ஒருவர். ‘வாங்கும்போது இனிச்சுதா?’ என்று இன்னொருவர். விதி பதினொன்றை முழுசாக எடுத்துப் போட்டேன். அதற்கு ஒருவர் ‘விதிய யாரால மாத்த முடியும்’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைத் தூக்கி எறிந்திருப்பேன், ஆனால் அதற்கு இன்னும் மூன்று தவணை பாக்கி இருந்தது.

தலைவருக்குப் போன் போட்டேன். தலைவர் உத்திராபதி ஐயா தா.பழூரில் நெல் விவசாயம் பார்ப்பவர், எழுபது வயது. எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்தான்.

“பாத்துக்கலாம்மா.”

“என்னத்தய்யா பாக்கறது? திங்கக்கெழம அஞ்சு மணிக்குத் தளம் போயிடும்.”

“போனா மறுபடி பணம் கட்டித் தொறக்கலாம்ல?”

“போன வருஷம் ஒரு வாரம் நின்னுச்சே, ஞாபகம் இருக்கா? திரும்பத் தொறந்தப்ப முப்பது பேரு வரல. காலைல எட்டரைக்கு மாடி ஏறுற பழக்கம் ஒரு வாரம் விட்டா விட்டதுதான். மழைக்காலம் வேற வரப் போவுது.”

“நீ கொஞ்சம் போட்டு வையேன்.”

போன வருடம் போட்ட ஆறாயிரமே இன்னும் எனக்குத் திரும்பவில்லை. என் சம்பளம் பதினாலாயிரம். அதைச் சொன்னதும், பாத்துக்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

கெடுவுக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம். நேரில் போய்ப் பேசிவிடுவது என்று முடிவெடுத்தேன். இருசம்மாள் ஒரு வார்த்தை நல்லபடியாக எழுதினால் மற்றவர்கள் கட்டிவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. ரசீதுப் புத்தகம், வவுச்சர் புத்தகம், விதிமுறைப் பிரதி, சில்லறைச் செலவுக்கு எப்போதும் என் பையில் இருக்கும் மன்றத்துப் பணம் இரண்டாயிரம், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். என் சொந்தக் காசில் ஐநூற்று ஒரு ரூபாய் ஒரு கவரில் போட்டு என் பேரை எழுதினேன். தலைவரையும் செபஸ்டினையும் வரச் சொல்லி உத்தரவு போட்டேன். சோறு உண்டு என்றதும் தலைவர் உடனே சரி என்றார்.

தெருவை அடைத்துப் பந்தல். புதுவீட்டுக்கு இன்னும் வெளிப்பூச்சு இல்லை, முன்பக்கம் மட்டும் இளம்பச்சை அடித்திருந்தார்கள். மாடி முனையில் மழைமானி தெரிந்தது, அதற்கும் ஒரு முழம் பூ சுற்றியிருந்தது. பந்தல் வாசலில் மேசை போட்டு மொய் எழுதிக்கொண்டிருந்தான் மணிவண்ணன், இருசம்மாளின் வீட்டுக்காரருக்கு அண்ணன் மகன். பணத்தை வாங்கி நோட்டில் எழுதி, பக்கத்திலிருந்த மைக்கில் வாசிப்பான். “வேப்பூர் அறிவரசன், ஐநூத்தி ஒண்ணு.” தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

இருசம்மாள் பட்டுப்புடவையில் வாசலில் நின்று எல்லோரையும் வாங்க வாங்க என்றார். என்னையும் அதே வாங்கதான், ஒரு சொட்டு கூடுதல் இல்லை. கவரை நீட்டினேன். பேரைப் படித்துவிட்டுத் திருப்பிக் கையில் வைத்தார்.

“இது உன் பேரு.”

“ஆமாக்கா, என் காசு.”

“உன் வூட்டுக்கு நான் எழுதுனதில்லையே. உங்கிட்ட ஏன் வாங்கணும்? சாப்ட்டுட்டுப் போ.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தளம் மறுநாள் நிற்கப் போகிறது, இங்கே இவர் கவரில் பேர் பார்க்கிறார். “அக்கா, நீங்க மொய்யுனு போட்டா அது மொய்யாயிடுமா? அது பதிஞ்ச சங்கம். வூட்டு நோட்டு கெடையாது. உங்களால இன்னிக்கு நூத்தி நாப்பது பேரு பணம் கட்டாம நிக்கறாங்க, தெரியுமா?” என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். சுற்றியிருந்தவர்கள் திரும்பினார்கள். இருசம்மாள் என் பக்கமிருந்து திரும்பிக்கொண்டார். அடுத்து வந்தவரை வாங்க என்றார்.

கோபத்தில் மேசைப் பக்கம் வந்து நின்றேன். அப்போதுதான் பார்த்தேன், மேசையில் இரண்டு நோட்டு இருந்தது. இரண்டுக்கும் மூலையில் மஞ்சள் தடவியிருந்தது. ஒன்றில் மணிவண்ணன் எழுதி எழுதிப் பாதி வந்துவிட்டான். இன்னொன்று திறந்தபடி கிடந்தது, மேலே பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே ஒரு வரிகூட இல்லை.

“இது எதுக்குப்பா?”

“அது சித்தி பொறந்த வூட்டு நோட்டுங்க. அவங்க பக்கத்து மொய்ய அதுல எழுதணும்.”

“யாரும் இன்னும் வரலியா?”

“யாரு இருக்கா வரதுக்கு? அப்பா அம்மா இல்ல, கூடப் பொறந்ததும் இல்ல. சீர் தூக்கிட்டு வரக்கூட ஆளில்ல. வேண்டாம் சித்தி, ஒரே நோட்டா வெச்சிடலாம்னு சொன்னேன். கேக்கல. மன்றத்துலேருந்து வருவாங்க, தனியா வாங்கி வையின்னுட்டாங்க.”

அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். நான் பந்தலைத் திரும்பிப் பார்த்தேன். பந்தலில் உட்கார்ந்திருந்த அவ்வளவு பேரும் புருஷன் வீட்டு ஆட்கள். அவ்வளவு பேர் முன்னாலும் அந்த வெள்ளைத்தாள் காலையிலிருந்து திறந்து கிடக்கிறது. வருடம் ஐநூற்று ஒன்று போட்டு ஐந்து வருடமாக அவர் சேர்த்து வைத்தது பணத்தை இல்லை. எனக்கு அந்தத் தாளைப் பார்க்க முடியவில்லை. அப்படி ஒரு வெறும் பக்கம் என் வீட்டு பீரோவிலும் இருக்கிறது.

ஆனால் விதி பதினொன்று விதி பதினொன்றுதான். ஆத்திரமோ அழுகையோ, கணக்கில் அதற்கு இடம் கிடையாது. நின்ற இடத்திலேயே யோசித்தேன். மொய் எழுத விதி இல்லை. ஆனால் உறுப்பினர் தவறுதலாகக் கூடுதலாகக் கட்டிய பணத்தைத் திருப்பித் தர விதி இருக்கிறது. விதி பதினான்கு. இரண்டாயிரத்துக்குள் என்றால் தலைவரும் பொருளாளரும் கையெழுத்துப் போட்டால் போதும். ஐநூற்று ஒன்றில் சந்தா போக முந்நூற்று ஒன்று கூடுதல். ஐந்து வருடத்துக்கு ஆயிரத்து ஐநூற்று ஐந்து.

தலைவர் முதல் பந்தியில் இருந்தார். வவுச்சரை அவர் இலைக்குப் பக்கத்தில் நீட்டினேன்.

“என்னம்மா இது? பாயசம் வரப் போவுது.”

“கையெழுத்துப் போடுங்க.”

“ஏற்கெனவே பணம் பத்தல, இதுல நாம திருப்பிக் குடுக்கறதா? எல்லாரும் கேட்டா?”

“எல்லாரும் கேட்டா மன்றம் போண்டியாயிடும். போடுங்கய்யா.”

“பாத்துக்க...”

“பாத்துக்கலாம்னு சொன்னீங்க, இலையத் தூக்கிடுவேன்.”

இடக்கையால் போட்டார். செபஸ்டின் பக்கத்து இலையில் சாம்பார் வாங்கிக்கொண்டே, “அக்கா, இப்ப நமக்கு இன்னும் பத்தொம்பதாயிரத்துச் சொச்சம் வேணும்” என்று எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னான்.

இருசம்மாளை மேசைக்குக் கூட்டி வந்தேன். கூட்டி வந்தேன் என்பதைவிட இழுத்து வந்தேன் என்பது சரி. வவுச்சரையும் பேனாவையும் கொடுத்தேன்.

“இதுல என்ன எழுதியிருக்கு?”

“நீங்க தவறுதலா அதிகமாக் கட்டிட்டீங்கன்னு.”

“நான் தவறுதலாக் கட்டல.”

“தெரியும்கா. போடுங்க.”

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். வவுச்சரைப் புத்தகத்திலிருந்து கிழித்து என் பையில் வைத்தேன். என் கணக்கு முடிந்தது. ஆயிரத்து ஐநூற்று ஐந்து ரூபாயை எடுத்து மணிவண்ணன் முன்னால் வைத்து, அந்த வெறும் நோட்டை அவன் பக்கம் தள்ளினேன்.

“ஆயிரத்து ஐநூத்தி ஒண்ணுன்னு எழுதிக்கட்டுங்களா? அஞ்சுல முடியுது.”

“அஞ்சுதான். வவுச்சர்ல அஞ்சுதான் இருக்கு. ஒரு ரூபா கூட மாத்தாத.”

“பேரு?”

“மழை ஏடு.”

“ஊரு?”

ஒரு இணையதளத்துக்கு என்ன ஊர்? சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்த தலைவர் தா.பழூர் என்று எழுதச் சொன்னார். தளத்தை ஆரம்பித்தது ரெட்டிபாளையத்தில் என்று செபஸ்டின் குறுக்கே விழுந்தான். பதிவு ஆபீசில் பெரம்பலூர் என்று இருக்கிறது என்றேன் நான். மணிவண்ணன் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பின்னால் மொய் எழுத வந்தவர்கள் வரிசையில் நின்று முனகினார்கள்.

“ஏன் சண்ட போடறீங்க?” என்றார் இருசம்மாள். “ரெண்டு ஜில்லாவும்னு போடு மணி.”

மணிவண்ணன் எழுதினான். மைக்கைத் தட்டிவிட்டு வாசித்தான். “சித்தி பொறந்த வூட்டு மொய். பெரம்பலூர், அரியலூர் ரெண்டு ஜில்லா, மழை ஏடு, ஆயிரத்து ஐநூத்தி அஞ்சு.”

புருஷன் வீட்டுக் கிழவர் ஒருவர், “ரெண்டு ஜில்லாவுமா?” என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது எங்களுக்கே கேட்டது. இருசம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். “வெயிலு” என்றார். வெயில் ஒன்றும் இல்லை.

எனக்கு அவரே பக்கத்தில் நின்று பரிமாறினார். வேண்டாம் வேண்டாம் என்கிற அளவுக்கு வைத்துவிட்டுக் கேட்டார்.

“உன் வூட்ல எப்ப விசேஷம் செல்வி?”

“எங்க வூட்ல ஒண்ணும் இல்லக்கா. நான் ஒருத்திதான். இனிமேலும் ஒண்ணும் வராது.”

“ஒண்ணுமேவா?”

“ஒண்ணுமேதான். ரசம் ஊத்துங்க.”

ரசம் ஊற்றினார்.

திங்கட்கிழமை காலை ஆபீசுக்குப் போனவுடன் தளத்தைத் திறந்தேன், கடைசி நாள் என்ற நினைப்போடுதான். எட்டரைக்கு இருசம்மாள் அளவு போட்டார், பூஜ்யம். கூடவே ஒரு படம். அந்த நோட்டின் முதல் பக்கம், ஒற்றை வரி. கீழே ஒரு வார்த்தை எழுதவில்லை.

எட்டு நாற்பதுக்கு செபஸ்டின் கூப்பிட்டான். “அக்கா, வருதுக்கா.”

வந்தது. ஐநூற்று ஒன்று, இருநூற்றைம்பத்தொன்று, மறுபடி ஐநூற்று ஒன்று. ஒவ்வொன்றுக்கும் கீழே குறிப்பு. ‘தை 12 என் மவள் கல்யாணம், மறக்க வேண்டாம்.’ ‘மாசியில் பேரனுக்குக் காதுகுத்து.’ ‘தேதி பிறகு சொல்லப்படும்.’ ஒரு புண்ணியவான் தன் அறுபதாம் கல்யாணத்துக்கு நான்கு வருடம் முன்னதாகவே எழுதி வைத்தார். மூன்று மணிக்குள் நாற்பத்தேழு பேர், இருபத்தோராயிரத்துச் சொச்சம். மூன்றே காலுக்கு செபஸ்டின் சர்வர் பணத்தைக் கட்டிவிட்டு ரசீதை அனுப்பினான். தலைவர் போன் போட்டு, “நான்தான் சொன்னேன்ல, பாத்துக்கலாம்னு” என்றார். நல்லவேளை, நேரில் இல்லை.

தளம் பிழைத்தது. என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். தையிலிருந்து ஆனிக்குள் முப்பத்தொரு விசேஷம். ஒவ்வொன்றுக்கும் நான் வவுச்சர் புத்தகத்தோடு போய், ‘தவறுதலாகக் கட்டிய’ பணத்தைத் திருப்பி, மொய்யாக எழுத வைத்து, ஊர் பேரைச் சொல்லி, சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். எங்கள் ஆடிட்டர் கணக்கைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். இது என்னம்மா, ஒரு சங்கத்தில் அத்தனை பேரும் வருடா வருடம் தவறுதலாகவே பணம் கட்டுகிறார்களா என்றார். ஆமாம் சார், ரொம்பக் கவனமில்லாத ஜனங்கள் என்றேன். என்ன செய்வது, வேறு எந்தத் தலைப்பிலும் அதை எழுத முடியாது.

அந்தத் திங்கட்கிழமை ஆறு மணிக்கு, எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டுக் கிளம்பும்போது செபஸ்டின் இன்னொரு வரவை அனுப்பினான். இருசம்மாள், ஐநூற்று ஒன்று. அவருடைய இந்த வருடச் சந்தா சித்திரையிலேயே வந்துவிட்டது. குறிப்பில், ‘வெற்றிச்செல்வி வூட்டு மொய்’ என்று இருந்தது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. உடனே கூப்பிட்டேன்.

“அக்கா, என்ன பண்ணியிருக்கீங்க? என் பேர்ல வரத மன்றத்துக் கணக்குல போடலாமா? இத நான் எந்தத் தலைப்புல எழுதறது?”

“உனக்கு வேற எங்க அனுப்பறதுன்னு எனக்குத் தெரியல. நேத்து கவர வேற திருப்பிக் குடுத்துட்டேன், மனசு கேக்கல.”

“நான்தான் சொன்னேனேக்கா. எங்க வூட்ல ஒரு விசேஷமும் இல்லன்னு.”

“வெசேசம் இல்லாட்டி என்ன? வூடு இருக்குல்ல?”

அந்தப் பக்கம் ஆடு கத்துவது கேட்டது. நான் போனைக் காதில் வைத்தபடியே, மூடி வைத்த வவுச்சர் புத்தகத்தை மறுபடி திறந்தேன்.

“செல்வி, இருக்கியா? உன் பேர்ல எழுதிக்க. காலைல எட்டரைக்குப் பாப்போம்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

இன்னொரு வவுச்சர் எழுதினேன். மன்றத்துக் கணக்கில் தவறுதலாக வந்தது, உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது, ரூபாய் ஐநூற்று ஒன்று. பொருளாளர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து, பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் இன்னொரு கையெழுத்து, இரண்டும் நானே. தலைவர் கையெழுத்துக்கு வழக்கம்போல் ஒரு வாரம் அலைய வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து அம்மாவின் நோட்டை எடுத்தேன். இடப்பக்கம் இருபத்தாறு வருடத்து எழுத்து, நெருக்கி நெருக்கி. வலப்பக்கத்தில் தேதியைப் போட்டு எழுதினேன். குன்னம் இருசம்மாள், ஐநூற்று ஒன்று.